கச்சான் ஓயும் வரை

கச்சான் காலத்தில் சங்குமுனையில் யாரும் சாவதில்லை.

வைகாசி பிறந்து கச்சான் என்ற மேல்காற்று ஊரைப் பிடித்து உலுக்க ஆரம்பித்தால், புரட்டாசி வரைக்கும் அது வீசும் நாளில் மாதா கோயிலில் துக்க மணி அடிக்காது. ஐந்தாறு வருடங்களாக இப்படித்தான். மற்ற மாதங்களில் எல்லா ஊரையும் போல இங்கும் வயதானவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், குடித்துக் கெட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். கச்சான் மட்டும் விதிவிலக்கு. “உங்க ஊர்ல மட்டும் எமனுக்கு நாலு மாசம் லீவாக்கும்?” என்று பக்கத்து ஊர் மீன் வியாபாரிகள் கிண்டல் செய்வார்கள். ஊர்க்காரர்கள் அதை மாதாவின் கிருபை என்றார்கள். காலேஜ் படித்த பிள்ளைகள் புது ஆஸ்பத்திரி என்றார்கள். சாமியார் பிரசங்கத்தில் இரண்டுக்கும் இடம் கொடுத்துப் பேசி எல்லோரையும் சமாதானப்படுத்தினார்.

சலேத்தும் நம்பினாள். கடற்கரையை ஒட்டிய காற்றாலைக் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு வேலை. கடலுக்குள் நிற்கும் முந்நூறு காற்றாலைகளையும் திரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காற்று எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று கணினி சொல்வதைக் காலையில் சரிபார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு அனுப்ப வேண்டும். பழுது பார்க்கப் போகும் படகுகளுக்கு அது போகும். காற்று ஓய்ந்தால்தானே கோபுரத்தில் ஏறலாம். மாநிலத்துக்கே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் சென்னை அலுவலகத்துக்குப் போகும். ஊர் ஆஸ்பத்திரிக்கும் போகும். அவர்களுக்கு எதற்கு என்று அவள் கேட்டதில்லை. ஆக்சிஜன் இயந்திரத்தை நிறுத்திச் சுத்தம் செய்ய நாள் பார்ப்பார்களாக இருக்கும் என்று தானாகவே ஒரு காரணத்தை வைத்துக்கொண்டாள்.

காற்றாலைகளைக் குறை சொல்ல ஊரில் ஆள் கிடையாது. வடக்கே அனல்மின் நிலையம் ஓடிய நாளில் காயப்போட்ட கருவாட்டின் மேல் சாம்பல் படியும். குழந்தைகள் விடிய விடிய இழுத்து இழுத்து மூச்சுவிடும். அதை மூடினார்கள். அதன் வெந்நீர் விழுந்து விழுந்து செத்துக்கிடந்த கழிமுகத்தில் மறுபடி செடி முளைத்தது. காற்றாலைத் தூண்களின் அடியில் பாசியும் சிப்பியும் பிடித்து, களவாயும் விளமீனும் குடும்பத்தோடு குடியேறின. ஐஸ் ஃபாக்டரிக்கு மின்சாரம் இலவசம். கடல் நீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை வந்தது. கொத்து வேலைக்குக் கேரளாவுக்குப் போயிருந்த பையன்கள் கோபுரம் ஏறும் வேலைக்குத் திரும்பி வந்தார்கள். எல்லாம் உண்மை. ஒன்றுகூடப் பொய் இல்லை. கதையில் கஷ்டமே அதுதான்.

இத்தனையையும் ஊருக்குப் பேசி வாங்கிக் கொடுத்தது சலேத்தின் அண்ணன் இஞ்ஞாசி. ஊர்க்கமிட்டித் தலைவர், வாய் அகலம், மனசு அதைவிட அகலம். சங்குமுனையில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் சாவு விழுந்தால் அடக்கம் முடியும் வரை யாரும் கடலில் தொழில் செய்யக்கூடாது. துக்க மணி காதில் விழுந்தால் வலையை அறுத்துவிட்டாவது திரும்பி வந்துவிடுவார்கள். முதன்முதலில் பன்னிரண்டு காற்றாலை நட வந்த கம்பெனிக்காரர்களிடம் இஞ்ஞாசி சொன்னார்: “எங்க சாவுக்கு மனுசன் நிப்பான், படகு நிக்கும். எங்க கடல்ல தொழில் செய்யுற உங்க காத்தாடியும் நிக்கணும்.”

கம்பெனிக்காரர்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். மீறினால் கடல் உரிமை ஊருக்கே திரும்பிவிடும் என்றும் இஞ்ஞாசி எழுதி வாங்கிக்கொண்டார். மணிக்கூண்டில் ஒரு கருவி வைத்தார்கள். துக்க மணி அடித்தால் அது கேட்கும். காற்றாலைகள் தானாக நிற்கும். ஒரு தடவை குடிகாரன் ஒருவன் விளையாட்டாக மணியை இழுத்துவிட, அதற்கப்புறம் கட்டுப்பாட்டு அறைத் திரையில் ‘மெய்யா, பொய்யா?’ என்று ஒரு கேள்வி வந்து நிற்கும்படி செய்தார்கள். வேலையில் இருப்பவர் ஏதாவது ஒன்றை அழுத்த வேண்டும். டாக்டர் சீட்டு கொடுக்காமல் மணி அடிக்கக்கூடாது என்று கமிட்டியும் ஒரு தீர்மானம் போட்டது. பன்னிரண்டு காற்றாலை முந்நூறானது. ஒப்பந்தத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. இன்றைக்குக் கச்சான் காலத்தில் அந்த மணி அடித்தால் தென் மாவட்டங்களில் பாதி இருண்டு போகும்.

அந்த இஞ்ஞாசி ஆடி மாதம் ஒரு காலையில், மீன் ஏலத்தில் விலை சொல்லிக்கொண்டிருந்தவர், பாதி வார்த்தையில் சரிந்து விழுந்தார். தலைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரி மாடியில் கடலைப் பார்த்த நாலாம் நம்பர் அறை. வென்டிலேட்டர் மூச்சுவிட, நெஞ்சு ஏறி இறங்கியது. கை சூடாக இருந்தது. இஞ்ஞாசியின் மனைவி பிலோமி கட்டிலைவிட்டு நகரவில்லை. சலேத் வேலைக்குப் போகுமுன் வந்து அண்ணனின் முகத்தைத் துடைத்துவிட்டுப் போவாள். எதிர் அறையில் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த பவுலின். அவள் மகன் நெல்சன் வைகாசியில் பைக்கில் போய் லாரியில் மோதியவன். பவுலின் அவனுக்குத் தலை சீவி, நகம் வெட்டி, “தேறிட்டு வாறான்டி, கன்னம் வச்சிருக்கு பாரு” என்பாள்.

இஞ்ஞாசியின் மகள் அனிட்டா மதுரையில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். பிறந்த குழந்தைகள் வார்டு. வெயில் காலத்தில் லீவு கிடையாது. தினமும் போன் செய்வாள். “அத்த, அப்பா கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்தாங்களா? கருவிழி சுருங்குதான்னு கேளுங்க.” சலேத் கேட்பாள். “பாத்துக்கிட்டுதான் இருக்கோம்” என்று பதில் வரும்.

ஒரு காலை கட்டுப்பாட்டு அறைக்கு போன் வந்தது. ஆஸ்பத்திரி ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண்.

“மேடம், வியாழக்கிழமை காத்து ஓயும்னு போட்டிருந்தீங்க. இன்னைக்கு அதை எடுத்துட்டீங்களே. அப்ப எப்ப ஓயும்?”

“இப்போதைக்கு ஓயாது. இன்னும் மூணு வாரம் ஆகும்போல. ஏன்மா?”

“ஐயோ, நாலாம் நம்பருக்கு வியாழக்கிழமைன்னு வச்சிருந்தோமே. ஃப்ரீசர் பெட்டிக்கும் சொல்லியாச்சு. சரி மேடம், தள்ளி வச்சிரச் சொல்லிடுறேன்.”

போன் வைக்கப்பட்டது. சலேத்துக்கு முதலில் எதுவும் உறைக்கவில்லை. நாலாம் நம்பர், ஃப்ரீசர் பெட்டி, வியாழக்கிழமை என்று மூன்றையும் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

டாக்டர் ஜெயதீபன் கெட்ட மனிதர் இல்லை. ஊரின் சின்னப் பிள்ளைகளில் பாதிக்கு அவர்தான் பிரசவம் பார்த்தார். சலேத் அறைக்குள் வந்து நின்ற விதத்தைப் பார்த்ததுமே எழுந்து கதவைச் சாத்தினார்.

“எங்க அண்ணன் உயிரோட இருக்காரா, டாக்டர்?”

“கொண்டுவந்த அன்னைக்கே மூளை நின்னுடுச்சும்மா. நெஞ்சு அசையறது மெஷினால. நீங்க கேக்கிற அர்த்தத்துல, இல்லை.”

“மாடியில இருக்கிற மத்தவங்க?”

“அவங்களும்தான். ஆறு பேர்.”

“பொணத்தை வச்சுக்கிட்டா எங்களைச் செபமாலை சொல்ல வச்சீங்க?”

“கத்துங்க. கத்திட்டுக் கேளுங்க. அனல் நிலையத்தை மூடின வருசம், ஆனி மாசம், உங்க ஊர்ல ஒரு அம்மாவுக்கு மணி அடிச்சீங்க. அடக்கம் முடிய சாயங்காலம் ஆயிடுச்சு. பதிலுக்கு ஓட்ட வேற எதுவும் இல்லை. மதுரையில அன்னைக்கு கரண்ட் இல்லாம, வெயில்ல ஆஸ்பத்திரிக்குள்ளயே ஆட்கள் செத்தாங்க. உங்க ஊர்ல யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், ஏன்னா அன்னைக்கு அங்க டூட்டியில இருந்தவன் நான். அதுக்காகத்தான் இந்த ஊர் வேலைக்கே வந்தேன்.”

“மணியை விடச் சொல்லியிருக்கலாமே.”

“கம்பெனி கேட்டுச்சு. கமிட்டி முடியாதுன்னுடுச்சு. மணியை விட்டா கடலை விட்ட மாதிரின்னு உங்க அண்ணன் மேசையைத் தட்டிச் சொன்னார். அது நியாயம்தான். ஆனா மணியும் இருக்கணும், காத்தாடியும் சுத்தணும்னா, நடுவுல எதைத் தள்ளி வைக்கிறது? நீங்க அனுப்புற காத்துக் கணக்கைப் பார்த்து, ஓயுற நாள்ல மெஷினை எடுப்போம். அன்னைக்கு நின்னா யாருக்கும் நஷ்டம் இல்லை.”

“கமிட்டிக்குத் தெரியுமா?”

“நாலு பேருக்குத் தெரியும். மத்தவங்க தெரிஞ்சுக்காம இருக்காங்க.”

“யாருக்கு முதல்ல செஞ்சீங்க?”

“வேண்டாம்மா.”

“சொல்லுங்க.”

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “உங்க அம்மாவுக்கு. அண்ணன்தான் வந்து கேட்டார்.”

சலேத்தின் அம்மா புரட்டாசியில், காற்று ஓய்ந்த நாளில், தூங்குவது போலப் போனவர். யாருக்கும் தொந்தரவு வைக்காமல் நாள் பார்த்துப் போன புண்ணியவதி என்று ஊரே மெச்சியது. சலேத் அந்தக் கட்டிலருகே நவநாள் செபம் சொன்னாள். சூடான அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, ஊர்க்கதை எல்லாம் பேசினாள், பழைய சண்டைக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டாள். அம்மா போன அன்று காலையில் ‘காற்று ஓயும்’ என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் அவள்தான். தன் தாய்க்கே தானே நாள் குறித்தது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

பிலோமி கட்டிலருகே ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தாள். சலேத் சொல்லச் சொல்ல அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“எனக்கு மூணாம் நாளே தெரியும் சலேத்து. இவருக்கு மூச்சு ஒரு சீரா வராது, திக்கித் திக்கித்தான் வரும். எத்தனை வருசம் பக்கத்துல படுத்திருக்கேன். இது கடிகாரம் மாதிரி வருது. சொன்னா நீங்க எல்லாரும் அழுவீங்களேன்னு சும்மா இருந்தேன்.” துணியைப் பிழிந்தாள். “முதுகெல்லாம் புண்ணு. திருப்பிப் போட்டா வாடை வருது. இன்னும் மூணு வாரமா?”

“மணி அடிக்காம அடக்கம் வச்சிருவமா மதினி? டாக்டர் அதுக்கு இப்பவே சரிம்பாரு.”

“தூக்குல நாண்டுக்கிட்டுச் செத்தவங்களைத்தான் அப்படி வைப்பாவ. இவரு அந்த மணிக்காகவே பேசின மனுசன். செஞ்ச பாவத்தை ஆண்டவர் கேட்டுக்கிடட்டும். மணி இல்லாம நான் விடமாட்டேன்.”

சலேத் யோசித்தாள். நகரங்கள் மின்சாரம் குறைவாக எடுப்பது விடியற்காலையில். அப்போது மணி அடித்து, குழியை முந்தின நாளே வெட்டி வைத்து, பூசையைச் சுருக்கமாக முடித்தால், வெயில் ஏறுமுன் மண் தள்ளிவிடலாம். ஒரே ஒரு அடக்கம். மூன்று மணி நேரம். சென்னை அலுவலகத்துக்குச் சொன்னால் நடக்கவிட மாட்டார்கள். அனிட்டாவுக்கு மட்டும் சொன்னாள்.

போனில் அனிட்டா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நர்ஸாகப் பேசினாள். “எப்ப முடியும் அத்த?”

“எட்டுக்குள்ள.”

“இங்க பேட்டரி பத்து வரைக்கும் தாங்கும். கண்ணாடிப் பெட்டியில பிள்ளைங்க நிறையக் கிடக்கு. ஒண்ணொண்ணும் என் உள்ளங்கை அளவுதான். அதுக்கு மேல போனா என்னால முடியாது.”

“போகாது. அப்பா மேல சத்தியம். நீ வரல்லியா மக்கா?”

“நான் எப்படி வர? நான் இங்க இருக்கணும்லா.”

மறுநாள் விடியலில் உபதேசியார் வழக்கமான காலை மணி அடிக்க மணிக்கூண்டுக்கு வந்தபோது, பிலோமி கயிற்றின் அருகே நின்றிருந்தாள். “இன்னைக்கு நான் அடிக்கிறேன்” என்று வாங்கிக்கொண்டாள். ஒன்று. நீண்ட இடைவெளி. இன்னொன்று. கட்டுப்பாட்டு அறையில் சலேத்தின் முன் கேள்வி வந்தது. மெய்யா, பொய்யா? மெய் என்று அழுத்தினாள்.

முந்நூறும் நின்றன. வருடக்கணக்காகக் காதில் இருந்து, இருப்பதே மறந்துபோன அந்த ரீங்காரம் அடங்கியது. நாய்கள் குரைத்தன. பனையோலையில் காற்று மோதும் சத்தம் ஊருக்குள் புதிதாகக் கேட்டது. ஜனங்கள் தூக்கக் கலக்கத்தோடு கோயில் முன் ஓடி வந்தார்கள். கச்சானில் மணியா? பிலோமி படியில் நின்று, குரல் உயர்த்தாமல், எல்லாவற்றையும் சொன்னாள். தன் புருஷன் என்றைக்குச் செத்தார், எதற்காகக் கிடத்தி வைத்தார்கள், அவரே தன் தாயை எப்படிக் கிடத்தி வைத்தார் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. இஞ்ஞாசியைத் திட்ட வாய் திறந்தவர்கள்கூட அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்கள்.

சலேத் கணக்குப் போட்டபடியே எல்லாம் நடந்தது. டாக்டர் மெஷினை எடுத்துவிட்டு, மணிக்கு முன் வாங்காத சீட்டை மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார். எட்டுக்கு முன்பே இஞ்ஞாசி மண்ணுக்குள் போனார். கட்டுப்பாட்டு அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கல்லறைத் தோட்டம் முழுவதும் தெரியும். கடைசி மண்ணைத் தள்ளி, சாமியார் சிலுவை போட்டதைப் பார்த்து சலேத் நெஞ்சில் கை வைத்தாள். “போயிட்டு வாங்க அண்ணே” என்றாள். காற்றாலைகளை மறுபடி ஓட்டுவதற்குக் கை நீட்டினாள்.

மணி அடித்தது.

அவள் கணக்கில் மாடியின் மற்ற அறைகள் இல்லை. பிலோமி சொன்னதைக் கேட்ட ஆறு வீட்டுக்காரர்களும் அடக்கத்துக்கு வரவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். டாக்டர் மெஷின்களை நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார் என்று பிற்பாடு சொன்னார்கள். இப்போது கயிற்றைப் பிடித்திருந்தவள் பவுலின். திரையில் கேள்வி வந்து நின்றது. பதில் சொல்லும் வரை எதுவும் ஓடாது. சலேத் கையை மடியில் வைத்துக்கொண்டாள். கல்லறைத் தோட்டத்தில் ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் குழி வெட்டத் தொடங்கியிருந்தார்கள். ஆறு குழி. கச்சானில் உலர்ந்து இறுகிய மண். மத்தியானம் தாண்டும்.

சென்னையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. வெயில் ஜன்னல் வழியாக மேசைக்கு வந்து, மேசையிலிருந்து அவள் கைக்கு வந்தது. பிறகு அவளுடைய சொந்த போன் அடித்தது.

“அத்த, பத்தாயிட்டு. அப்பாவை வச்சாச்சா?”

“வச்சாச்சு மக்கா. நல்லபடியா வச்சாச்சு.”

“அப்ப ஏன் கரண்ட் வரல? பேட்டரி சிவப்புக்கு வந்துட்டு. ரெண்டு பிள்ளைக்குக் கையாலதான் மூச்சுக் கொடுத்துக்கிட்டு இருக்கோம். அத்த, கேக்குதா?”

கேட்டது. மணியும் கேட்டது. பவுலின் விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். தன் அண்ணனுக்கு மெய் என்று அழுத்திய விரலால், தலை சீவி நகம் வெட்டி வைத்திருந்த நெல்சனுக்கு வேறு எதை அழுத்துவது? மணியும் வேண்டும், காற்றும் வேண்டும் என்று, அம்மா கிடந்த அன்றைக்கு இதே இடத்தில்தான் இஞ்ஞாசியும் நின்றிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. நம் வீட்டுச் சாவுக்கு மட்டும் மணி அடித்தாகிவிட்டது. போனுக்குள் யாரோ “சீக்கிரம், சீக்கிரம்” என்று கத்தினார்கள்.

சலேத் பொய் என்று அழுத்தினாள்.

கடலுக்குள் முதல் வரிசை அசைந்தது. பிறகு அடுத்தது. கல்லறைத் தோட்டத்தில் மண்வெட்டிகள் நின்றன. ஆட்கள் நிமிர்ந்து கடலைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி, கட்டுப்பாட்டு அறை ஜன்னலைப் பார்த்தார்கள். சலேத் நகரவில்லை.

“வந்துட்டு அத்த! கரண்ட் வந்துட்டு!” அனிட்டா அழுதுகொண்டே சிரித்தாள். பின்னால் ஏதோ ஒரு குழந்தை வீறிட்டது. மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டாள்: “இன்னும் மணிச் சத்தம் கேக்குதே. அப்பாவைத்தான் வச்சாச்சே. அது யாருக்கு?”

“யாருக்கும் இல்ல மக்கா” என்றாள் சலேத்.